வாயில்லா நோயாளிகள்

எங்கள் இல்லத்துப் பெண் கால்நடை மருத்துவம் பயில விழைந்தபோது, ‘மனித மருத்துவம் கிட்டவில்லையோ?’ என உறவினர் இரங்கினர். அவள் கற்பவற்றை உடனிருந்து கண்ட எங்களுக்கு அவ்விரக்கம் பொருளற்றதாயிற்று.

1903இல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில், ஓராண்டுப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பசுவுக்கு நான்கறை வயிறு, குதிரைக்கு ஓரறை, கோழிக்கோ பல்லுக்கு மாற்றாக அரைவைப்பை. அனைத்தையும் ஒருவரே அறிதல் வேண்டும். நோயாளியோ வலிக்குமிடம் சொல்லாது; அசைபோடாமை, உலர்ந்த மூக்கு, குளிர்ந்த காது இவையே அதன் மொழி.

பெரியம்மைக்குப்பின் உலகினின்றே ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய், மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய். 2011இல் அறிவிக்கப்பெற்ற அவ்வெற்றி இத்துறையினர் ஈட்டியது.

பசு மடிந்தால் அடுப்பு அணையும் குடிசைகள் நம் நாட்டில் பல. வாயில்லா உயிரைக் காப்பவர், அதனை நம்பிய குடும்பத்தையும் காக்கின்றார். மாணவச் செல்வங்களே, இக்கல்வியை இரண்டாமிடத்தில் வையாதீர்!