உச்சி வெயில்லயும் நின்னுடும்

மாடியில் சோலார் போட்டா இனி கரண்ட் கட்டே கிடையாதுன்னு நினைக்கிறீங்களா? எங்க சாமளாபுரத்துலயும் பலர் அப்படித்தான் நம்புறாங்க. தறிச் சத்தம் சட்டுனு நின்னா கரண்ட் போயிடுச்சுன்னு தெரிஞ்சுக்கிற ஊர்ல அந்த ஆசை நியாயம்தான்.

2024-ல் வந்த 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். பெரும்பாலும் போடுறது 'ஆன்-கிரிட்' வகை; மிச்சமாகிற மின்சாரம் நெட் மீட்டர் வழியா மின்வாரிய லைனுக்குப் போகும். லைன்ல கரண்ட் நின்னா, உச்சி வெயிலா இருந்தாலும் இன்வெர்ட்டரும் நின்னுடும். நாம பாடத்துல படிச்ச 'ஆன்டி-ஐலேண்டிங்' இதுதான்.

எங்க பெரியப்பா பையன் லைன்மேன். மழை ராத்திரியில அண்ணன் கம்பம் ஏறப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் பெரியம்மா சாப்பிட மாட்டாங்க. சப்ளையை நிறுத்தியாச்சுன்னு நம்பி கம்பியில கை வைக்கிறவருக்கு, பகல்ல யாரோ ஒருத்தர் மாடியிலிருந்து கரண்ட் வந்தா என்ன ஆகும்?

கட்டாகிற நேரத்துலயும் ஃபேன் ஓடணும்னா, பேட்டரியோட ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடுங்க. லைனைத் துண்டிச்சுட்டு வீட்டுக்கு மட்டும் கொடுக்கும். செலவு கூடும். கொட்டேஷன் வாங்கும்போதே கேட்டுக்கோங்க. ஆன்-கிரிட்தான் போட்டிருக்கீங்கன்னா, அது நின்ன நேரத்துல திட்டாதீங்க. யாரோ ஒரு அண்ணன் கம்பத்துல இருக்கலாம்.