அல்லிராணியின் தூண்கள்

பேசாலைக் கரையில் வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அரிப்புக்குப் போகிறேன் என்றேன். "அல்லிராணி கோட்டையா? கெதியாப் போங்க தம்பி, மிச்சத்தையும் கடல் கொண்டுபோயிடும்" என்றார், தலை நிமிராமலே.

பேசாலைக்கு ரோமாபுரி தூரமில்லை. இயேசுவின் பாடுகளை உருவங்களை நிறுத்தி நடத்தும் உடக்குப் பாஸுக்குப் பேர்போன ஊர். ரோமத் தேசாதிபதி பிலாத்துவை அறியாத பிள்ளை இங்கே இருக்காது. ரோம் என்றால் உயரத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் ஆள். ரோமர் கட்டடங்களுக்கும் அதே தோரணைதான். கொலோசியத்தின் வெளிச்சுவரில் அடுக்கடுக்காக அரைத்தூண்கள். பாரத்தைத் தாங்குவது அவையல்ல, வளைவுகள். தூண்களின் வேலை கீழே நிற்பவனை அண்ணாந்து பார்க்க வைப்பது. நீரோவின் மாளிகை ஏரி இருந்த இடத்தில் பேரரசன் வெஸ்பாசியன் கொலோசியத்தை எழுப்பத் தொடங்கினான். செலவுக்கு யூதேயாவில் அடித்த கொள்ளை.

நான் ஏறிய அரிப்பு பஸ் மன்னார் கோட்டையைத் தாண்டியது. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, பின்னால் ஒல்லாந்தர் திருத்தியது. திருக்கேதீஸ்வரத்தை இடித்த கல்லில் எழுந்தது என்பார்கள் மன்னாரில். கோயிலைக் கொள்ளையடிப்பது ரோமரும் செய்ததுதான்: எருசலேம் ஆலயத்துக் குத்துவிளக்கைத் தூக்கிவரும் வீரர்களை ரோமிலுள்ள தீத்துவின் வெற்றி வளைவில் காணலாம். ரோமர் கொள்ளையைச் சிற்பமாகவே செதுக்கி வைத்தார்கள், அந்தளவில் நேர்மை.

வங்காலை தாண்டி அரிப்பு. கடலோர மேட்டில் நிற்கிறது, 1801க்கும் 1804க்கும் இடையில் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் கட்டிய மாளிகை. முத்துச் சலாபத்தை மேலிருந்து பார்க்க ஒரு வீடு. அதற்குக் கிரேக்கப் பாணி டோரிக் தூண்கள் எதற்கு? நோர்த்துக்குக் கிரேக்கப் பித்து. பிற்காலத்தில் கோர்ஃபு தீவில் கல்விக்கழகமே தொடங்கினார். ஆனால் பித்து மட்டும் காரணமென்று நான் நம்பவில்லை. மூச்சடக்கி மூழ்கி எழுபவன் கண்ணில் முதலில் படவேண்டியது அரசாங்கம்.

கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். தூண் கல்லே இல்லை, செங்கல். மேலே சிப்பி சுட்ட சுண்ணாம்பு. விரலில் வெள்ளைத் தூள் ஒட்டியது. அந்தப் பூச்சு பளிங்குக்கு இணையாக இருந்தது என்று ஜேம்ஸ் கோர்டினர் பாதிரியார் 1807இல் வெளிவந்த நூலில் எழுதினார். முத்தை எடுத்தாயிற்று, சிப்பியைச் சுவரில் பூசியாயிற்று.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் யார் கட்டினது என்று கேட்டேன். "அல்லிராணி." அர்ச்சுனனை மணந்த அதே அல்லி. இந்தக் கரையே அவளுடையது என்று கதை. இருநூறு வருடத்தில் தேசாதிபதியின் பெயரைக் கழற்றிப்போட்டு ஒரு தமிழ்க் கதை ராணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது மெத்தச் சரி.

போகிறவர்கள் கடல் பக்கத்துச் சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். செங்கல் கழன்று விழுகிறது.