எந்த விதத்தில்?

தத்துவ வாத்தியாரை நடித்துக்காட்டுவது மாணவர்களுக்குச் சுலபம். ‘வந்து’, ‘அதாவது’, ‘ஒரு விதத்துல’, ‘இல்லையா?’ ஆகிய நான்கையும் இழுத்து இழுத்துச் சொல்லி, நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் போதும், வகுப்பே சிரிக்கும். வேதியியல் ஆசிரியரிடம் இது பலிக்காது. சோடியம் குளோரைடுக்கு வேறு சொல் தேடி யாரும் தடுமாறுவதில்லையே.

1991இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணியே காட்டியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஷாக்டரும் சக உளவியலாளர்களும் விரிவுரைகளில் உட்கார்ந்து ‘அ...’, ‘ம்...’ எத்தனை வருகிறது என்று குறித்தார்கள். அறிவியல் ஆசிரியர்களைவிடக் கலைப்புல ஆசிரியர்களே அதிகம் இழுத்தார்கள். இரு தரப்பையும் பொதுவான ஒரு விஷயம் பற்றிப் பேசவைத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போயிற்று. ஆக, குறை ஆளிடம் இல்லை. ஒன்றைச் சொல்லப் பல வழிகள் இருக்கும் பாடத்தில் நாக்கு நின்று தேடுகிறது.

இந்த ஆய்வு எங்கள் தொழிலுக்கு ஆறுதல்தான், ஆனால் பாதி ஆறுதல். தேடுவதற்காக நிற்கும் தயக்கம் உண்டு. தப்பிப்பதற்காக நுழைக்கும் சொல்லும் உண்டு. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும்.

தத்துவஞானி தெகார்த் பற்றிய என் வகுப்பில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: ‘தெகார்த் வந்து... எல்லாத்தையும்... ஒரு விதத்துல சந்தேகப்படறாரு, இல்லையா?’ இதில் ‘வந்து’ யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நான் அடுத்த சொல்லைத் தேடுவதற்குள் மாணவர்கள் நோட்டைத் திறந்துகொள்வார்கள். ‘ஒரு விதத்துல’ என்பது அப்படியல்ல, அது கைநீட்டி வாங்கிய கடன். 1641இல் வந்த ‘தியானங்கள்’ நூலில், கணப்பருகே அங்கியணிந்து உட்கார்ந்திருப்பதைக்கூட, அது கனவாக இருக்கலாமே என்று அவர் சந்தேகிக்கிறார். ஆனால் பதறி எழுந்து ஓடவில்லை. அசைக்க முடியாத அறிவு ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்கத்தான் சந்தேகத்தை ஒரு வழிமுறையாகக் கையில் எடுக்கிறார். இதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிட்டால் கடன் தீர்ந்தது. சொல்லாமல் ‘இல்லையா?’ என்று முடித்தால் அதை மாணவர் தலையில் கட்டிவிட்டேன் என்று அர்த்தம். அவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.

இந்த ‘ஒரு விதத்தில்’ என்பதைச் சமணர்கள் ஒரு தர்க்கமாகவே வளர்த்தெடுத்தார்கள். சியாத்வாதம் எனும் அந்தத் தர்க்கப்படி ‘குடம் இருக்கிறது’ என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது, ‘ஒரு நோக்கில் இருக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். அதோடு நழுவிவிடவும் முடியாது. தனக்குரிய பொருள், இடம், காலம், தன்மை ஆகியவற்றின்படி குடம் இருக்கிறது, வேறொன்றுக்குரியவற்றின்படி இல்லை. மண்குடமாக இருக்கிறது, பொற்குடமாக இல்லை. இந்தப் பாடம் நடத்தும் நாட்களில் என் ‘ஒரு விதத்துல’ வெகுவாகக் குறைந்துவிடும். ‘எந்த விதத்துல சார்?’ என்று முன்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிடுமோ என்ற பயம்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது ‘புரியுதா?’. கேள்வி போலத் தோன்றினாலும் பதிலுக்குக் காத்திருக்காது. அறை அமைதியாக இருப்பது பொறுக்காமல் வாயில் வருவது அது. அந்த இடத்தில் நான் இப்போது சொல்வது: ‘இதுக்கு ஒரு மறுப்பு சொல்லுங்க.’ சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம். கேம்பிரிட்ஜில் தத்துவஞானி விட்கென்ஸ்டைன் குறிப்பே இல்லாமல் வகுப்பெடுத்தார், நடுவில் நெடுநேரம் பேசாமல் யோசித்தார், மாணவர்களும் காத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நம் வகுப்பில் அவ்வளவு நீளம் தாங்காது, தூங்கிவிடுவார்கள். ஆனால் சில விநாடி மௌனம் தாங்கும். அதற்குள் கடைசி பெஞ்சில் யாராவது ஒருவர், ‘கனவுலயும் இரண்டும் மூணும் அஞ்சுதானே சார்?’ என்று ஆரம்பித்துவிடுவார். தெகார்த்தும் அதே இடத்துக்குத்தான் அடுத்து வருகிறார்.

புதிதாக வேலைக்குச் சேரும் விரிவுரையாளர்கள் தடங்கலில்லாமல் பேசப் பழகுகிறார்கள். மனப்பாடமாகக் கைவசம் உள்ள நோட்ஸ் தடங்கலில்லாமல்தான் வரும், அதில் யோசனை நடக்காது. ‘வந்து’ வந்துவிட்டுப் போகட்டும். திருத்த நேரமிருந்தால் ‘ஒரு விதத்துல’, ‘இல்லையா?’, ‘புரியுதா?’ மூன்றையும் திருத்துங்கள். முதலாவதற்கு விளக்கம் கொடுங்கள், மற்ற இரண்டுக்கும் பதில் வரும்வரை நில்லுங்கள்.