தலைப்பு வரியில் படித்தவை

என்னிடம் வேலை பார்த்தவர்களின் திரையில் என்ன ஓடுகிறது என்பதை, அவர்களுக்குத் தெரியாமல் பல மாதம் படித்துவந்தேன். உளவு மென்பொருள் எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை. லினக்ஸ் கணினியில் யாருக்கும் கிடைக்கிற சிறு கருவி ஒன்றும் நானே எழுதிய சில வரிகளும் போதுமாக இருந்தன. நல்ல காரியத்துக்கென்று எழுதிய வரிகள்தான் அவை. எந்த இடத்தில் தடம் மாறினேன் என்பது விளங்க வேண்டுமானால் அங்கிருந்து சொல்லிவர வேண்டும்.

புத்தகங்களுக்கு லே-அவுட் செய்துதரும் சின்ன அலுவலகம் என்னுடையது. லிப்ரெஆஃபிஸில் தட்டச்சும் திருத்தமும் நடக்கும். ஸ்கிரைபஸில் பக்கம் அமைப்போம். கோப்புகளை மாற்றவும் பெயரிடவும் டெர்மினலைத் திறப்போம். தமிழில் அடித்துக்கொண்டிருந்துவிட்டு டெர்மினலுக்குப் போனால் விசைப்பலகை தமிழ்99-லேயே நிற்கும். கட்டளை தமிழ் எழுத்துகளாக விழும். அழித்து, விசைப்பலகையை மாற்றி, மறுபடி அடிக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனையோ முறை இது நடக்கும். எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

எக்ஸ் விண்டோ அமைப்பில் விண்டோக்களை நிர்வகிக்கும் விண்டோ மேனேஜர் தனியாக ஓடும் ஒரு நிரல். இப்போது எந்த விண்டோ முன்னால் வந்திருக்கிறது என்று, ஒவ்வொரு முறை மாறும்போதும், மூல விண்டோவின் பண்பு ஒன்றில் அது அடையாள எண்ணை எழுதிவைக்கும். அந்தப் பண்பு மாறும்போது தனக்குச் சொல்லும்படி எந்த நிரலும் கேட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ப்ராப் என்ற கருவியை அதன்மேல் காவல் வைத்தால், விண்டோ மாறும்போதெல்லாம் ஒரு வரி வந்து விழும். என் ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படித்து, அந்த எண்ணுக்குரிய விண்டோ எந்தச் செயலியுடையது என்று கேட்கும். லிப்ரெஆஃபிஸ் என்றால் விசைப்பலகையைத் தமிழ்99-க்கு மாற்றச் சொல்லி, விசைப்பலகை மொழியைக் கவனிக்கும் ஐபஸ் நிரலுக்குக் கட்டளை போகும். டெர்மினல் என்றால் ஆங்கிலம். அதற்குப் பிறகு விசைப்பலகையைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் எல்லாக் கணினியிலும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

விண்டோ மேனேஜர் சொல்கிற செய்தியைப் பிடித்து இப்படி வேலை வாங்குவது புதிய வித்தை இல்லை. 1993-இல் வெளிவந்த எஃப்விடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரில் இதற்கென்றே ஒரு துணை நிரல் உண்டு. ஐ3 என்ற விண்டோ மேனேஜரைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் சாக்கெட்டில் சந்தாதாரராகச் சேர்ந்துகொண்டால் விண்டோ திறப்பது, மூடுவது, தலைப்பு மாறுவது என்று எல்லாம் அறிவிப்பாக வரும். டெவில்ஸ்பை2 என்ற கருவிக்கு லுவா மொழியில் விதி எழுதலாம். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஹேமர்ஸ்பூன் இருக்கிறது. கணினி நம் கைப்பழக்கத்துக்கு ஏற்ப நடப்பதில் தனி மகிழ்ச்சி உண்டு. அந்த மகிழ்ச்சியை இன்றும் நான் மறுக்க மாட்டேன்.

பிறகு ஒரு பதிப்பாளரோடு கூலி பற்றிப் பேச்சு வந்தது. ஒரு புத்தகத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது என்று கேட்டார். என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மாலை அதே ஸ்கிரிப்டில் ஒரு வரியைச் சேர்த்தேன்: விண்டோ மாறும்போது மணியையும் செயலியின் பெயரையும் விண்டோவின் தலைப்பையும் ஒரு கோப்பில் எழுது. தலைப்பில் கோப்பின் பெயர் இருக்கும், அதை வைத்து எந்தப் புத்தகம் என்று தெரிந்துவிடும். தலைப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் கிடைப்பதால் தமிழில் வைத்த பெயர்கள்கூடச் சிதையாமல் வந்தன. முதலில் என் கணினியில் மட்டும் ஓட்டினேன். விசைப்பலகை ஸ்கிரிப்ட் ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையதன் மேல் புதியதை எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் இயல்பாக வேலை பார்க்க மாட்டார்கள், கணக்கு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் வேண்டாம் என்பார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உண்மையான காரணம் அதுதான்.

தலைப்பு என்பது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே இருப்பதை நான் தொடவில்லை என்றும் நினைத்தேன். ஆனால் தேடுபொறியில் ஒருவர் கேட்ட கேள்வி, முழுக்க, அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே வந்து நிற்கும். மின்னஞ்சலைத் திறந்தால் பொருள் வரி வரும். என் கோப்பில் இவை எல்லாம் வரிசையாக, மணியோடு சேர்ந்தன. முதலில் எழுதிய ஸ்கிரிப்டுக்கு உலாவிக்குள் டேப் மாறுவது தெரியாது. முன்னால் இருப்பது அதே விண்டோ என்பதால் அறிவிப்பு வராது. அதைக் குறையாகப் பார்த்தேன். முன்னிருக்கும் விண்டோவின் தலைப்புப் பண்புக்கும் காவல் வைத்து அந்தக் குறையைத் தீர்த்தேன். அதற்கு மேல் கூலிக் கணக்கு என்ற சாக்கு எனக்கு இல்லை. உலாவியின் டேப்புகளில் எந்தப் புத்தகத்தின் நேரமும் இல்லை என்று தெரிந்தேதான் செய்தேன்.

அந்த நாள்களில் லே-அவுட் செய்த ஒரு பெண்ணின் கணக்கில் ஸ்கிரைபஸ் நேரம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் கூப்பிட்டு, "வேலை கொஞ்சம் மந்தமா போகுதேம்மா" என்றேன். அவர் கையில் இருந்த தாள்கட்டைக் காட்டினார். "ப்ரூஃப் தாள்ல பாத்துட்டு இருந்தேன் சார். திரையில பாத்தா ஒற்று விட்டுப்போகுது." சிவப்பு மையில் ஒவ்வொரு பக்கமும் நிறைந்திருந்தது. அத்தனை நேரமும் அவர் கணினியில் ஏதோ ஒரு விண்டோ சும்மா முன்னால் இருந்திருக்கிறது, என் கோப்பு அதைச் சோம்பல் என்று எழுதியிருக்கிறது. எந்த விண்டோ முன்னால் இருக்கிறது என்பதைத்தான் விண்டோ மேனேஜர் சொல்லும். மனிதர் எங்கே பார்க்கிறார் என்று அதற்குத் தெரியாது. இதை எழுதிய எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதும் கோப்பை நான் நிறுத்தவில்லை.

சில நாள் கழித்து அவருடைய கோப்பில் ஒரு தேடலின் தலைப்பைப் படித்தேன். அது என்ன கேள்வி என்று இங்கே எழுத மாட்டேன். உடம்பைப் பற்றியது. அம்மாவிடமோ மருத்துவரிடமோ கேட்க வேண்டியதை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், தனியாக, தேடுபொறியிடம் கேட்டிருந்தார். அந்த ஒரு வரியைப் பார்த்த யாரும் அவரைப் பத்து நாளாவது சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

நான் அனுப்பவில்லை. அனுப்பினால் எனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். தானாக விடுப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. வேலை மந்தம் என்று அப்போதுதான் முதலாளி சொல்லியிருக்கிறார், எப்படிக் கேட்பார்? தினமும் வந்தார், பக்கம் அமைத்தார், கொஞ்சம் வெளிறிய முகத்தோடு போனார். காலையில் "நல்லா இருக்கீங்களாம்மா" என்று கேட்பேன். "இருக்கேன் சார்" என்பார். பதில் பொய் என்று தெரிந்துகொண்டே தலையாட்டிவிட்டு என் மேசைக்குப் போவேன். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டதை வைத்து ஒரு நல்ல காரியம்கூட என்னால் செய்ய முடியவில்லை. என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் அதிகம் வலிப்பது இதுதான்.

நிறுத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு தானாகவே வந்தது. கணினிகளை உபுண்டு 22.04-க்கு மாற்றினோம். அதில் உள்ளே நுழைந்தால் வழக்கமாக, எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்ட் அமர்வுதான் கிடைக்கும். 1987-இல் வந்த எக்ஸ்11-இல் ஒரு நிரல் மற்ற நிரல்களின் விண்டோக்களை, தலைப்பை, தட்டும் விசைகளைக்கூடத் தடையில்லாமல் பார்க்கலாம். எல்லா நிரலும் ஒருவருடையவை, ஒன்றையொன்று நம்பும் என்ற எண்ணத்தில் கட்டிய வீடு அது. வேலேண்டில் அந்தச் செய்திகள் திரையை நிர்வகிக்கும் காம்போசிட்டரிடமே நிற்கும். அது மனம்வைத்துச் சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். என் கோப்பில் பழைய வகைச் செயலிகளின் பெயர் அரைகுறையாக வந்தது. உலாவி முன்னால் வரும்போது எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழியம் வந்தது. மற்றவர் விண்டோவை எட்டிப்பார்க்கக் கூடாது என்று யோசித்துக் கட்டிய ஒன்று என் முன்னால் நின்றது. நான் ஒவ்வொரு கணினியாகப் போய், நுழைவுத் திரையின் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தைத் தட்டி, எக்ஸ்11-ஐ ஓட்டும் எக்ஸார்க் அமர்வைத் தேர்ந்தெடுத்தேன். விசைப்பலகை ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை, அதனால் மாற்றுகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. பாதி உண்மை கையில் இருந்ததால் கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது.

அந்தப் பெண் வேறு வேலை கிடைத்துப் போனார். கடைசி நாள் மாலை தன் கணினியைத் துடைத்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "என் மெயில், பேங்க் எல்லாம் லாக்-அவுட் பண்ணிட்டேன் சார். ஏதாவது விட்டுப்போயிருந்தா நீங்க எடுத்துவிட்டுருங்க." வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

அன்றிரவு எல்லாக் கணினியிலும் கோப்பு எழுதும் வரிகளை எடுத்தேன், சேர்த்துவைத்திருந்தவற்றை அழித்தேன். இருந்தவர்களை உட்காரவைத்துச் சொல்ல அதற்குப் பிறகும் வெகுநாள் ஆயிற்று. சொன்னதும் ஒருவர், "எங்களோடதையும் படிச்சீங்களா சார்?" என்று கேட்டார். படித்தேன் என்றேன். அவர் எழுந்து வெளியே போனார், அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் வந்து, ஸ்கிரிப்ட் முழுவதையும் ஒவ்வொரு வரியாக விளக்கச் சொன்னார். விளக்கினேன். இப்போது அது எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய பொது அடைவில் இருக்கிறது. என்னைக் கேட்காமலே யாரும் மாற்றலாம், எடுத்தும் விடலாம்.

வேலையை விட்டுப் போனவருக்கு இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை அனுப்பினேன். அதில் அந்தக் கேள்வியையும் எழுதியிருந்தேன். மறைக்காமல் சொல்வது நேர்மை என்று எண்ணியிருந்தேன். சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். மன்னிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வைப்பதற்கு முன், "அந்த ஃபைல் வேற எங்கயாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தினம் இரவு ஆர்சிங்க் நகலெடுக்கும் வெளி வட்டில், ஒவ்வொருவர் பெயரிலும், மாத வாரியாக எல்லாம் அப்படியே இருந்தன. அழித்துவிட்டு அவரை அழைத்து, இருந்தது, இப்போது இல்லை என்று சொன்னேன்.