எங்கள் வீட்டில் ரெய்டு!

ரெய்டு என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். வாசலில் நாலு கார் நிற்கும். பீரோவைக் குடைவார்கள். அதனால்தான், "எங்க வீட்ல ரெய்டு நடக்குதுடி. இவரேதான் பண்றார்" என்று என் மனைவி போனில் சொன்னதும், மறுமுனையில் அவள் தங்கைக்கு அரை நிமிஷம் பேச்சே வரவில்லையாம்!

பயப்படாதீர்கள். இது கம்ப்யூட்டர் ரெய்டு. 1988-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்று மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதில், மலிவான டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் என்ன? ஒன்று மண்டையைப் போட்டாலும் மற்றவை சமாளிக்குமே! இதுதான் யோசனை. பெயரில் உள்ள 'ஐ' எழுத்துக்கு அப்போது 'மலிவான' என்று அர்த்தம். பிற்பாடு அது 'தனித்தியங்கும்' என்று மாறிவிட்டது. மலிவு என்று சொன்னால் நல்ல விலைக்கு விற்க முடியுமா, சொல்லுங்கள்?

எனக்கு எதற்கு இந்த வேலை? அப்பாவுக்காக. 1986 பொங்கலன்று பேரன்களுக்கு அவர் கதை சொன்னதை டேப்ரிக்கார்டரில் பதிவு செய்திருந்தோம். நடுவில் பால்காரர் மணியடிக்கிறார். "இருங்கடா, பாலை வாங்கிட்டு வரேன்" என்கிறார் அப்பா. பிறகு இரண்டு நிமிஷம் வெறும் 'கர்ர்ர்'. அந்தக் 'கர்ர்ர்'ரைக்கூட வெட்ட எனக்கு மனசு வரவில்லை. கேஸட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. அப்பாவும் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதி மட்டும்தான் மிச்சம். அதுவும் ஒரே ஒரு டிஸ்க்கில்!

பையன் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் இருந்தது. அதில் லினக்ஸ் போட்டேன். நாலு டெராபைட் டிஸ்க் நான்கு வாங்கி மாட்டினேன். இதற்கென்று தனி கார்டு எதுவும் வேண்டாம். 'எம்.டி.ஏ.டி.எம்.' என்று ஒரு நிரல் போதும். பெயர்தான் டாக்டர் பட்டம் மாதிரி இருக்கிறது. வேலை ஒரே ஒரு வரிக் கட்டளை. அந்தக் கம்ப்யூட்டரே கெட்டுப்போனாலும் கவலையில்லை. டிஸ்க்குகளை வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டினால், சினிமாவில் குடும்பப் பாட்டுப் பாடிச் சேரும் அண்ணன் தம்பிகள் மாதிரி அடையாளம் கண்டு ஒன்றுகூடிவிடும்.

"நாலு நாலு பதினாறு. இதுல பன்னெண்டுன்னு காட்டுதே! மீதி நாலு எங்க?" என்றாள் மனைவி. மளிகைக் கடைப் பில்லையே விடாதவள், இதை விடுவாளா?

மூன்று டப்பாவில் 4, 7, 2 என்று எழுதி வை. நான்காவதில் கூட்டுத்தொகை 13. ஏழு தொலைந்துபோனால்? பதின்மூன்றில் நாலையும் இரண்டையும் கழி. ஏழு கிடைத்துவிடும்! நிஜத்தில் அது கூட்டல் அல்ல, வேறு கணக்கு. அந்த விடையையும் நான்கு டிஸ்க்கிலும் மாற்றி மாற்றி எழுதும். ஆனால் தத்துவம் இதுதான். ஒன்று போனால் பிழைக்கும். மீட்பதற்குள் இரண்டாவதும் போனால் மொத்தமும் அவுட்.

சோதிக்காமல் நம்பலாமா? மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டதாகக் கட்டளை கொடுத்தேன். திரையில் நான்கு 'யு' இருந்த இடத்தில் ஒன்று போய் வெறும் கோடு. வயிற்றைக் கலக்கியது. அப்பாவைப் பாட விட்டேன். "இருங்கடா..." என்றார், தெளிவாக. பிறகு அதே டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்தேன். கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ள அதற்கு ராத்திரி முழுக்கத் தேவைப்பட்டது.

"சரிங்க, யாராவது தெரியாம அழிச்சுட்டா?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. அழித்தால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து, ஒற்றுமையாக அழித்துவிடும். இடி விழுந்தாலும், திருடன் வந்தாலும் அதே கதிதான். ரெய்டு என்பது டிஸ்க் சாவுக்கு மட்டுமே மருந்து. பிரதி என்பது வேறு; அது வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

அதனால் இந்த வருஷம் திருச்சியில் இருக்கும் என் தங்கைக்குப் பொங்கல் சீர் அனுப்பியபோது கரும்பு, மஞ்சள் கொத்து, வெல்லத்தோடு ஒரு சின்ன ஹார்ட் டிஸ்க்கும் போனது.

"இதென்னண்ணே புதுசா?" என்று போன் செய்தாள்.

"அப்பாம்மா. பத்திரமா வச்சுக்க" என்றேன்.