கடலுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடம்

அந்தமான் என்றதும் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது செல்லுலார் ஜெயில்தான். 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறையைப் பார்த்துவிட்டு, கண்ணாடி அடி வைத்த படகில் ஒரு சவாரி போய்விட்டு ஊர் திரும்புவதுதான் வழக்கம். நானும் என் நாத்தனாரும் போனது வேறு காரியத்துக்கு. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் நீந்துகிறார்களே, ‘ஸ்கூபா’, அதைக் கற்றுக்கொள்ள!

சிரிக்காதீர்கள், சகோதரிகளே. எனக்கு வயது 48. அவளுக்கு 43. இரண்டு வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, வீட்டுக்காரர்கள் இருவரையும் ஒரே சமையலறையில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பெட்டி, படுக்கை எதுவும் கிடையாது. ஆளுக்கொரு முதுகுப் பை. அதில் நான்கு செட் சல்வார், துண்டு, மருந்து, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல். அவ்வளவுதான்!

பெயர் மாறிய தீவுகள்

சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நாம் போர்ட் பிளேர் என்று பாடத்தில் படித்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து கப்பலேறி ஹாவ்லாக் தீவுக்குப் போனோம். இதற்கும் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு என்று புதுப் பெயர். ஆனாலும் படகுத்துறையில் எல்லோர் வாயிலும் ஹாவ்லாக்தான்!

கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் ஊர் இது. கோவிந்த நகர், விஜய நகர், ராதா நகர் என்று கிராமங்களுக்கு அழகான பெயர்கள். இருபுறமும் பாக்கு, தென்னை. மூங்கில் குடிசை ஒன்றில் அறை எடுத்தோம். காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சோறு, பருப்பு, மீன் குழம்பு எங்கும் கிடைக்கிறது. சைவக்காரர்களும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

முதல் பரீட்சை காகிதத்தில்

ஸ்கூபா பள்ளியில் முதலில் தண்ணீரைக் காட்டவில்லை. ஒரு படிவத்தைத்தான் நீட்டினார்கள். இருதய நோய் உண்டா? வலிப்பு? காதில் ஆபரேஷன்? சர்க்கரை? ஆஸ்துமா? கர்ப்பமா? 45 வயது தாண்டியவர்களுக்குக் கூடுதலாகச் சில கேள்விகள். ‘ஆம்’ என்று ஒன்று விழுந்தாலும் டாக்டர் கடிதம் வேண்டும்.

நான் ஊரிலேயே ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்துச் சான்றிதழோடு போயிருந்தேன். என் நாத்தனாருக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மார்கழிக் குளிர் வந்தால் இன்னமும் பம்ப் எடுத்துக்கொள்வாள். இரண்டு வருஷமாக இழுப்பு வரவில்லை என்ற தைரியத்தில் வந்திருந்தாள்.

ஆஸ்துமா என்ற வரியில் அவள் பேனா நின்றுவிட்டது. பக்கத்து பெஞ்சிலிருந்த ஒரு வாலிபர், “இல்லைன்னு போட்டுடுங்க ஆன்ட்டி, யாரு பார்க்கப் போறாங்க?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். “அண்ணி, என்ன போடட்டும்?”

“உண்மையைப் போடும்மா. பணம் போனா சம்பாதிச்சுக்கலாம்” என்றேன். ‘ஆம்’ என்று எழுதினாள். கண் கலங்கித்தான் எழுதினாள்.

தீவிலுள்ள சுகாதார நிலையத்து டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் சுருங்கினால் நுரையீரலின் ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளும். தரையில் என்றால் மருந்து கொடுத்துச் சரி செய்துவிடலாம். கடலுக்கடியிலிருந்து மேலே வரும்போது அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக் கூடும். நோய் நன்றாகக் கட்டுக்குள் இருப்பவர்களில் சிலருக்கு, நுரையீரல் பரிசோதனை செய்து அனுமதி கொடுப்பதுண்டு. “உங்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். கரையோரம் மிதந்து பாருங்கள், பம்ப் பக்கத்திலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

“நானும் சேரலை, வா, சும்மா சுத்திப் பார்த்துட்டுப் போகலாம்” என்றேன். அவள் விடவில்லை. “நீங்க போங்க அண்ணி. ரெண்டு பேரும் பார்க்காம திரும்பினா அதுதான் நஷ்டம்!”

மூச்சை அடக்காதே!

எங்கள் பிறந்த வீட்டில் பெண்களைக் குளத்தில் மூன்றாம் படிக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். சின்ன அத்தை ஒருத்தி பதினாலு வயதில் கோயில் குளத்தில் போய்விட்டாள். அந்தப் பயத்தில் வளர்ந்த நான், 46-ம் வயதில்தான் பெண்களுக்கான நேரத்தில் நீச்சல் குளத்துக்குப் போய் நீந்தக் கற்றேன். இந்தப் படிப்புக்கு நீச்சல் அவசியம். 200 மீட்டர் நிற்காமல் நீந்திக் காட்ட வேண்டும், 10 நிமிஷம் மிதக்க வேண்டும்.

என் ஆசிரியை இருபத்தெட்டு வயதுப் பெண். இடுப்பளவுத் தண்ணீரில் முட்டி போட்டு உட்கார வைத்துப் பாடம் தொடங்கினாள். சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? இல்லை! நாம் சுவாசிக்கும் அதே காற்றைத்தான் வடிகட்டி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்று ஒரு சிலிண்டருக்குள்! அதை வேண்டுமளவு மட்டும் வாய்க்குக் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். 1943-ல் பிரான்ஸ் தேசத்து ழாக் கூஸ்தோவும், எஞ்சினியர் எமில் காக்னானும் சேர்ந்து செய்த கருவி இது.

முதல் சட்டம்: தண்ணீருக்கடியில் மூச்சை அடக்கவே கூடாது. காரணம், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் காற்று மண்டலத்தின் அழுத்தம் ஒரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் ஊதிக் கட்டிய பலூன், மேலே வரும்போது இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். நம் நுரையீரலும் அப்படித்தான்.

எங்கள் படகோட்டி தமிழ் பேசுகிறவர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். “எங்க ஊர்ல பொம்பளைங்க பாசி எடுக்க மூச்சைப் புடிச்சுக்கிட்டுத்தானே முங்குறாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மன்னார் வளைகுடாக் கரையில் நம் பெண்கள் காலில் அலுமினியத் தகடும், விரலில் துணியும் கட்டிக்கொண்டு, சிலிண்டர் இல்லாமலே முங்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அவர்கள் மேலே இழுத்த மூச்சு உள்ளே போய்ச் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்புகிறது. நாங்களோ ஆழத்திலேயே புதுக் காற்றை இழுக்கிறோம். அதனால்தான் விட்டுக்கொண்டே வர வேண்டும். இதை ஆசிரியை சொன்னதும் படகோட்டி, “அப்ப எங்க ஊரு பொம்பளைங்கதான் பெரிய ஆளுங்க!” என்றார். சந்தேகமென்ன!

மூக்கு, கண் இரண்டையும் மூடும் கண்ணாடிக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றுவதுதான் எனக்குப் பெரும் சோதனை. தண்ணீர் மூக்கைத் தொட்டதும் அத்தை ஞாபகம் வந்து நெஞ்சு படபடத்தது. ஆசிரியை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்தபடி மெதுவாக மூச்சு விட்டுக் காட்டினாள். அவசரப்படுத்தவே இல்லை. ஒன்பதாவது தடவை வந்துவிட்டது.

சைகைப் பாஷையும் உண்டு. கட்டைவிரலை உயர்த்தினால் ‘பிரமாதம்’ என்று அர்த்தமல்ல. ‘மேலே போக வேண்டும்’ என்று அர்த்தம்! ஒருவர் காட்டினால் காரணம் கேட்காமல் எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும்.

பன்னிரண்டு மீட்டரில்

மூன்றாம் நாள் படகிலிருந்து இறங்கினேன். மீட்டருக்கு மீட்டர் மூக்கைப் பிடித்து லேசாக ஊதி, காதைச் சரி செய்துகொள்ள வேண்டும். மூன்று மீட்டரில் இடது காது வலித்தது. சைகை காட்டினேன். ஒரு மீட்டர் ஏறி நின்று, மறுபடி ஊதினோம். ‘டக்’கென்று திறந்துகொண்டது. அதன் பிறகு வலியே இல்லை.

அம்மாடி, அந்த உலகத்தை எப்படிச் சொல்ல! காதில் என் மூச்சுச் சத்தம் மட்டும். கிளி மீன்கள் பவளப்பாறையை ‘கறுக் கறுக்’ என்று கொறிக்கின்றன. அவை தின்று கழிப்பதுதான் வெள்ளை மணலில் ஒரு பங்காகிறதாம்! கடல் சாமந்திக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் குடும்பம் ஒன்று. இந்த மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. குடும்பத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். அம்மா இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாகி நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் யார் நிர்வாகம் என்று நான் சொல்லவில்லை!

என் விரல் மருதாணி கறுப்பாகத் தெரிந்தது. ஆழம் போகப் போக முதலில் மறைகிற நிறம் சிவப்புதான். ஆசிரியை டார்ச் அடித்ததும் மருதாணி மறுபடி செக்கச் சிவந்தது.

எல்லாமே அழகில்லை. சாம்பல் பூத்த விறகுக் கட்டை மாதிரி செத்த பவளங்களும் நிறைய. பவளம் செடியல்ல, உயிருள்ள பிராணி. கடல் அளவுக்கு மீறிச் சூடாகும்போது வெளுத்துவிடுகிறது. 2010-லும் 2016-லும் அந்தமானில் அப்படி ஆயிற்று. மீண்டும் முளைக்க வருஷக்கணக்காகும். அதனால்தான் ஒரு விரல் கூடப் படக் கூடாது என்று கண்டிப்பு.

திரும்பும்போது 5 மீட்டரில் 3 நிமிஷம் நின்று, மெதுவாக மேலே வந்தோம். இப்படி நான்கு முறை இறங்கி முடித்ததும், 18 மீட்டர் வரை போகலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் படகில் துண்டோடு காத்திருந்தவள் என் நாத்தனார்தான்.

நாத்தனார் பார்த்தது

டைவிங் முடித்தவுடன் விமானம் ஏறக் கூடாது. பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் அது. அந்த நாளை நீல் தீவுக்கு வைத்துக்கொண்டோம். பரத்பூர், சீதாபூர், லக்ஷ்மண்பூர் என்று ராமாயணப் பெயர்களாகவே கடற்கரைகள். காய்கறித் தோட்டங்கள் நிறைந்த சின்னத் தீவு.

பரத்பூரில் ஆழமில்லாத கடல். என் நாத்தனார் லைஃப் ஜாக்கெட் போட்டு, மூச்சுக் குழாயும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, வழிகாட்டியோடு குப்புற மிதந்தாள். அவள் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். திடீரென்று கையை ஆட்டினாள். பதறிப்போய் ஓடினால், “அண்ணி! ஆமை! மாடு மேயற மாதிரி கடல் புல்லை மேயுது! என்னைப் பார்த்துட்டு, மறுபடி மேய ஆரம்பிச்சிடுச்சு!” என்று மூச்சு விடாமல் சொல்கிறாள்.

நான்கு முறை ஆழத்தில் இறங்கியும் என் கண்ணில் ஓர் ஆமைகூடப் படவில்லை!

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும்.

* மருத்துவப் படிவத்தை முன்கூட்டியே வரவழைத்து, ஊரிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கர்ப்பிணிகள் டைவிங் செய்யவே கூடாது. சளி, காது வலி இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள்.

* உடை பற்றிக் கூச்சம் வேண்டாம். கழுத்திலிருந்து கால் வரை மூடும் ரப்பர் உடை தருகிறார்கள். உள்ளே டீ ஷர்ட், லெக்கிங்ஸ் போதும். தொங்கும் நகைகள் வேண்டாம். தாலிச் சரட்டை உடைக்குள் விட்டுக்கொள்ளலாம்.

* தலைமுடியை இறுக்கிப் பின்னுங்கள். கண்ணாடிக்குள் ஒரு முடி மாட்டினாலும் தண்ணீர் கசியும்.

* பயிற்சியாளருக்கு உரிமம் உண்டா, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நீச்சல் தெரியாதவர்கள் ஆசிரியர் கையைப் பிடித்தபடி ஒரே ஒரு முறை இறங்கிப் பார்க்கவும் வசதி உண்டு.

* பவளத் துண்டு ஒன்றைக்கூட எடுத்து வராதீர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

* முழுப் படிப்புக்கு மூன்று, நான்கு நாள் ஆகும். அதற்குமுன் நீச்சல் வேண்டும். உங்கள் ஊர் நீச்சல் குளத்தில் பெண்களுக்கான நேரம் எது என்று நாளைக்கே விசாரித்து வையுங்கள்.