உப்பும் நன்னீரும்

மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மீனைத்தான் நினைக்கிறார்கள். அதன் நிறத்தையும் வாலசைவையும் நினைக்கிறார்கள். அதை விடப்போகும் கண்ணாடித் தொட்டியை நினைக்கிறார்கள். நீரைப் பற்றி நினைப்பவர் அரியர். குழாயைத் திறந்தால் வருவதுதானே என்னும் எண்ணம் நம் எல்லாருக்கும் உண்டு. நன்னீர் மீன்களைப் பொறுத்தவரை அந்த எண்ணம் ஓரளவு செல்லுபடியாகலாம். கடல்மீன் வளர்க்கப் புகுகிறவருக்கோ நீர்தான் முதற்பாடம். பல வாரங்களுக்கு அது ஒன்றே பாடம். மீன் வந்து சேருமுன், அது வாழவிருக்கும் சிறு கடலைத் தம் கையாலேயே ஆக்கிப் பக்குவப்படுத்தி வைத்திருக்க வேண்டும்.

திருச்சியில் உள்ள எங்கள் இல்லத்திற்கு அந்தப் பாடம் எங்கள் இளைய மகனின் விருப்பத்தால் வந்து சேர்ந்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவன் கேட்டது கடல்மீன் தொட்டி. அதற்கு நாங்கள் இசைந்தபோது எங்கள் உள்ளத்தில் வேறொரு முகமும் இருந்தது. எங்கள் தந்தையார் தூத்துக்குடி உப்பளங்களில் நாற்பது ஆண்டு உழைத்தவர். உப்பு வாரும் கூலியாளாகத் தொடங்கிப் பாத்திகளை மேற்பார்ப்பவராக ஓய்வு பெற்றவர். அம்மா மறைந்த பிறகு அவரைத் தனியே விட மனமின்றி எங்களோடு அழைத்து வந்தோம். இங்கே காவிரி உண்டு, உச்சிப்பிள்ளையார் மலை உண்டு, கடல் இல்லை. அவர் குறையென்று எதையும் சொன்னவர் அல்லர். ஆயினும் மாலைதோறும் மொட்டைமாடியில் ஏறிக் கிழக்கு முகமாக நெடுநேரம் நின்றிருப்பார். பேரனின் தொட்டி அவருக்கும் ஒரு துணையாகட்டும் என்று எண்ணினோம்.

உப்புநீர் ஆக்குவது என்றதும் பையன் கேட்ட முதற்கேள்வி, தாத்தா ஊர் உப்பில் ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் போதாதா என்பதுதான். அதற்கு விடை சொல்ல எங்களுக்குத் தேவையிருக்கவில்லை. தந்தையாரே பேரனை அருகில் அமர்த்திக்கொண்டு உப்பு விளையும் வகையைச் சொன்னார். உவர்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் வற்றவிடுவார்கள். முதற்பாத்திகளில் சுண்ணமும் ஜிப்சமும் படிந்துவிடும். அதன்பின் இருபத்தைந்து டிகிரிக்கு ஏறிய நீரில்தான் சோற்றுப்புக்கான உப்பு பூக்கும். அதை வாரியபின் எஞ்சும் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். மக்னீசிய உப்புகள் அதனோடு போய்விடும். "நாங்க வாருனது உப்பு மட்டுந்தான்யா. கடல்ல பாதிய வழியிலயே விட்டுட்டுல்ல வந்தோம்" என்று அவர் முடித்தபோது, எந்தப் பாடநூலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது என்று தோன்றியது.

அவர் அனுபவத்தால் அறிந்ததை அறிவியல் எண்களால் சொல்லுகிறது. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் 55 விழுக்காடு குளோரைடு, சுமார் 30 விழுக்காடு சோடியம். சல்பேட்டு ஏறத்தாழ 8 விழுக்காடு, மக்னீசியம் ஏறத்தாழ 4 விழுக்காடு. கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் ஒரு விழுக்காட்டிற்குச் சற்று மேல். சமையல் உப்பில் இருப்பவை இவற்றுள் முதலிரண்டு மட்டுமே. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்த 'சேலஞ்சர்' என்னும் கப்பல் பல கடல்களின் நீரைச் சேகரித்து வந்தது. அவற்றுள் 77 மாதிரிகளைப் பகுத்துப் பார்த்த வில்லியம் டிட்மர் என்னும் வேதியியலார் 1884-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கடலுக்குக் கடல் உப்பின் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் அந்த முதன்மை உப்புகள் தமக்குள் கலந்திருக்கும் விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதை அவை உறுதிப்படுத்தின. அந்த விகிதத்தை ஒட்டிக் கலந்து விற்கப்படும் செயற்கைக் கடலுப்புப் பொடியைத்தான் மீன் வளர்ப்போர் வாங்குகிறார்கள். நாங்களும் அதையே வாங்கினோம்.

அடுத்தது நன்னீர். மாநகராட்சி நீரில் கிருமி போக்கக் குளோரின் சேர்க்கிறார்கள். நமக்கு நலம் தரும் அது மீனின் செவுளைத் தீய்த்துவிடும். ஒருநாள் திறந்து வைத்துக் காற்று செலுத்தினால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும்; சோடியம் தயோசல்பேட்டு சில துளிகள் இட்டால் உடனே அகலும். ஆனால் நீரில் கரைந்திருக்கும் செம்பு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு முதலியவை இவ்வாறு போவதில்லை. ஆகவே எதிர்ச் சவ்வூடு முறையில் வடித்த நீரையே, 'ஆர்.ஓ. தண்ணீர்' என்று எல்லாரும் சொல்லும் நீரையே, நாங்கள் எடுத்துக்கொண்டோம். வடிக்கும்போது கழிந்த நீர் வீட்டு வாழைக்குப் பாய்ந்தது.

மூன்றடி நீளமுள்ள எங்கள் தொட்டி, மணலும் கல்லும் போக, 120 லிட்டர் நீர் கொள்ளும். பொடியில் சிறிது ஈரமும் கலந்திருப்பதால் லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். மொத்தம் நாலரைக் கிலோ அளவு. உணவுப் பொருள் வைப்பதற்குரிய புதிய பிளாஸ்டிக் பீப்பாயில் அறுபது அறுபது லிட்டராக இருமுறை கலந்தோம். இதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நீரை நிரப்பிச் சிறு மோட்டாரால் சுழலவிட்டு, அதன்மேல் உப்பைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவ வேண்டும். உப்பைக் கொட்டிவிட்டு அதன்மேல் நீரை ஊற்றலாகாது. அடியில் நீர் மிகச் செறிந்து, கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றுசேர்ந்து சுண்ணமாக வீழ்படிந்துவிடும். நீர் பால்போல் வெளுக்கும். வீழ்ந்தது எளிதில் மீண்டும் கரையாது. ஒழுங்காகக் கலந்தாலும் உடனே பயன்படுத்துவதில்லை. பீப்பாயை மூடி, ஓர் இரவும் ஒரு பகலும் சுழலவிட்டுத் தெளிந்த பிறகே அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கும் நேரத்தில் தந்தையார் எழுந்து உள்ளே போனார். ஊரிலிருந்து வந்த தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த ஒரு கண்ணாடி மானியைக் கொண்டுவந்தார். உப்பளத்தில் நீரின் செறிவைப் பார்க்கும் மானி அது. 'டிகிரி' பார்ப்பது என்பார்கள். நாங்கள் வாங்கிய கருவி ஒப்படர்த்தி 1.025 என்று காட்டியது. அவருடைய மானி மூன்றரை டிகிரியில் நின்றது. இரண்டும் ஒரே செய்தியின் இரு மொழிகள். "மூன்றரை. சரியான கடத்தண்ணி" என்றார் தந்தையார். சற்றுப் பொறுத்து, "இதை இருபத்தஞ்சுக்கு ஏத்தத்தான் ஆயுசு முழுக்க வெயில்ல நின்னோம், நானும் உங்கம்மாவும்" என்றார். அம்மாவின் பெயர் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நாங்கள் ஒன்றும் பேசவில்லை. பீப்பாயில் நீர் சுழன்றுகொண்டிருந்தது.

நீர் ஆயத்தமாகிவிட்டது, இனி மீன் வாங்கலாம் என்று பையன் துள்ளினான். இங்கேதான் தொடக்கக்காரர் பலரின் தொட்டிகள் கல்லறைகளாகின்றன. உப்பு சரியாக இருப்பதனால் மட்டும் நீர் வாழத் தக்கதாகிவிடுவதில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. காரத்தன்மை கொண்ட கடல்நீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமையானது. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்கும். அதன் கேடு மிகக் குறைவு. இந்த ஊழியர்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவற்றிற்கு இரையாக ஒரு சிறு இறால் துண்டைத் தொட்டியில் இட்டுவிட்டுக் காத்திருந்தோம். வெறும் நீரையும் கல்லையும் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் நகைத்தார்கள். பையன் நாள்தோறும் சோதனைக் குழலின் நிறத்தைக் குறித்து வைத்தான். ஆறாம் வாரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றுப்போயின.

கல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பவளப் பாறையைக் கடலிலிருந்து பெயர்த்து எடுப்பது நம் நாட்டில் குற்றம். 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடிப் பக்கம் ஒருகாலத்தில் அவற்றை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டதைத் தந்தையார் கண்டிருக்கிறார். நாங்கள் வைத்தது சுட்ட மண்ணால் ஆன நுண்துளைக் கல்லே. மீனையும் கடலிலிருந்து பிடித்ததாக வாங்க மனம் வரவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் கிளையில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து வளர்க்கும் முறையை வளர்த்தெடுத்துள்ளார்கள். அவ்வாறு பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு மீன்கள் எங்கள் இல்லம் வந்தன.

வந்தவற்றை அப்படியே தொட்டியில் கொட்டுவதில்லை. கடல்மீனின் குருதியிலுள்ள உப்பு கடலின் உப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான். ஆகவே அதன் உடல்நீர் ஓயாமல் வெளியே கசிகிறது; அது ஓயாமல் கடலைக் குடிக்கிறது; மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. இந்தச் சமநிலை திடீரெனக் குலைந்தால் அது தாங்காது. பையைக் கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கினோம். பின்பு மீன்களை ஒரு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒருமணி நேரம் சேர்த்தோம். ஓரிடத்தில் பழகிய உயிர் வேறிடத்திற்குப் பெயரும்போது, புதிய இடம் எவ்வளவு நல்லதாயினும், அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்கும். குழாயின் முனையைப் பிடித்துக்கொண்டு வாளியருகே குந்தியிருந்தவர் தந்தையார்தாம்.

தொட்டி அமைந்த பிறகு மிஞ்சுவது அன்றாடப் பணி. திருச்சியின் வெப்பத்தில் நீர் நாள்தோறும் வற்றுகிறது. வற்றிய அளவுக்கு உப்புநீரை ஊற்றுவதுதானே முறை என்று யாருக்கும் தோன்றும். அது சரியன்று. ஆவியாகிப் போவது நன்னீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் தொட்டி உப்பளமாகிவிடும். ஆகவே கண்ணாடியில் ஒரு கோடிட்டு, நீர் அதற்குக் கீழே இறங்கும்போதெல்லாம் நன்னீரையே சேர்க்க வேண்டும். பதினைந்து நாளுக்கொருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே செறிவும் வெப்பமும் உள்ள புதிய உப்புநீரை ஊற்றும்போது மட்டும் பீப்பாய்க்கு வேலை.

கோட்டைப் பார்த்து நன்னீர் ஊற்றும் பணியைத் தந்தையார் கேட்டு வாங்கிக்கொண்டார். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. "வெயில் வேலையைச் செய்யுது, நாம அதைத் திருப்பிச் செய்யணும்" என்பார். மொட்டைமாடிக்கு இப்போதும் போகிறார். பேரனும் உடன் போகிறான். பாத்தியின் கதைகளும் பாட்டியின் கதைகளும் அங்கே நடக்கின்றன.

இழப்பு நேர்ந்த இல்லங்களை நாம் அனைவரும் அறிவோம். நாள்கள் ஆவியாகிப் போகின்றன. துயரம் மட்டும் உப்பாய் அடியில் தங்கிச் செறிகிறது. அதை எடுத்து எறிய யாராலும் இயலாது. எறியவும் வேண்டாம், அதுவும் அந்த வாழ்வின் பங்கே. அருகிலிருப்பவர்கள் தங்கள் கண்ணீரையும் அதில் சேர்த்தால் செறிவுதான் கூடும். வேண்டுவது சிறிதளவு நன்னீர்: ஒரு கேள்வி, ஒரு சிறு பொறுப்பு, அருகில் அமர்ந்திருக்கும் ஒருமணி நேரம். அதை ஒரே நாளில் குடம் குடமாகக் கொட்டிவிட்டுப் பின் மறந்துபோவதில் பயனில்லை. நாள்தோறும் கோட்டைப் பார்த்து ஒரு செம்பு, அவ்வளவே.